பதின்மூன்று புள்ளி ஆறு

பதிவு 1. காலை 08:10
நிலவின் தென்முனைக் குகை நிலையம். பொறுப்பு: அருளப்பன், வயது எழுபத்தொன்று. காற்று சீர். மின்கலம் 82 விழுக்காடு.
கதவுக்கண் சோதனை முடிந்தது. அந்தக் கண், ஹைட்ரஜன் அணுக்கள் நிரப்பிய ஒரு குழாய். வெயிலின் கடும் புற ஊதா ஒளி பட்டு எலக்ட்ரான்கள் கழன்றால் மின்சாரம் ஓடும், அளவுமானியின் ஊசி கோட்டைத் தொட்டதும் கதவு திறக்கும். பள்ளிக்கூடம் தாண்டாத நான் அமைத்தது. ஆனால் அதன் பெயர்ப்பலகையில் இருப்பது ஜெசிந்தாவின் பெயர். மேலே நிலவைச் சுற்றும் கலத்தில் இருக்கும் பொறியாளர்.

பதிவு 2. 11:35
பாறை சரிந்தது. கதவுக்கண்ணை வெளியே பாறை மூடிவிட்டது, கதவைக் கையால் திறக்கும் பிடி நசுங்கிவிட்டது. கதவுக்கு அப்பால் வழி இருக்கிறது, வண்டியும் நிற்கிறது. மீட்புக் குழு வர இரண்டு நாள். மின்கலம் அதுவரை காற்று விசிறியை ஓட்டாது. கதவைத் திறக்க, குழாயில் வாயு ஒளிர்கிறதா என்று பார்க்கும் சோதனை விளக்கை உள்ளிருந்தே பாய்ச்சுகிறேன்.

பதிவு 3. 13:20
ஊசி அசையவில்லை. வானொலி அனுப்பியில் ஜெசிந்தா:
"அண்ணாச்சி, அந்த விளக்கோட ஒளித்துகள் ஒவ்வொண்ணும் 10.2 எலக்ட்ரான் வோல்ட்தான். எலக்ட்ரான் ரெண்டாம் படிக்கு ஏறிட்டு உடனே விழுந்துரும். அணுவ விட்டு வெளிய வர 13.6 வேணும்."
என் பதில்: "மாதா கோயில் திருவிழாவுக்கு நாப்பது வருஷம் சீரியல் பல்பு கட்டினவன் நான். வெளிச்சம் பத்தலன்னா இன்னொரு பல்பு போடுவோம்."
"பல்பு கூடுனா துகள்தான் கூடும், அதோட பலம் கூடாது. ஆளு கூடுனா ஏணி நீளுமா அண்ணாச்சி?"
வாய்த்துடுக்கு.

பதிவு 4. 15:45
மூன்று விளக்குகள். மின்கலம் 31. ஊசி அசையவில்லை.
ஜெசிந்தா: "பசை காயவைக்கிற ஊதா விளக்கு இருக்குல்லா? அதையும் சேத்துப் போடுங்க. மொத ஒளி மேல ஏத்தும். விழுறதுக்குள்ள ரெண்டாவது ஒளி மிச்சம் 3.4 குடுத்தா எலக்ட்ரான் வெளிய வந்துரும். கெஞ்சிக் கேக்கேன்."
"என் கண்ணுக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும்."
அனுப்பியை அணைத்தேன்.

பதிவு 5. 18:30
நான்கு விளக்குகள். மின்கலம் 9. குழாய்க்குள் எலக்ட்ரான் ஏறுகிறது, விழுகிறது. ஏறுகிறது, விழுகிறது. ஒன்றுகூட வெளியே வரவில்லை. விசிறியைக் குறைத்திருக்கிறேன். தலை கனக்கிறது.

பதிவு 6. 19:15
பசை விளக்கைச் சேர்த்தேன். நானாக யோசித்தது. ஊசி அசைந்தது. கதவு திறக்கும் கோட்டுக்குப் பாதி வந்தது. விசிறியை நிறுத்தி அந்த மின்சாரத்தையும் விளக்குகளுக்குக் கொடுத்தேன். முக்கால்.
அவள் சொன்னது சரி என்று இங்கே எழுதமாட்டேன்.

பதிவு 7.
ஊசி இறங்குகிறது. விளக்குகள் மங்குகின்றன. ஊதா விளக்கை இன்னும் எவ்வளவு நெருக்கி வைக்க வேண்டும் என்று அவளிடம் கேட்க அனுப்பியைப் போட்டேன். அதற்கு மின்சாரம்