பனியைப் பிடிக்க ஒரு கேமரா

நேற்று அப்புத்தளைக்குப் போய், உங்கள் மனைவியிடமிருந்து உங்கள் கேமராவை விலைக்கு வாங்கிவிட்டேன். பையைத் திறந்ததும் அரிசி வாசம் அடித்தது. அடியில் ஒரு துணி முடிச்சில் சம்பா அரிசி. மலை ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், காய்ந்த அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று என் கடையில் நீங்கள் வாங்கியது. "ஈரத்துக்குச் சம்பா நல்லதா, நாட்டரிசி நல்லதா?" என்று கேட்டீர்கள். முப்பது வருசமாக அரிசி விற்கிறேன், அப்படி யாரும் கேட்டதில்லை. முதல் முடிச்சை வீட்டில் தெரியாமல் சோறாக்கிவிட்டார்கள் என்று மறுபடி வந்தீர்கள். அதற்கும் காசு வாங்கினேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பதுளையில் நெஞ்சு கிளினிக்குக்கு வரும் நாளெல்லாம் என் கடையில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடிப்பீர்கள். அப்படி ஒருநாள்தான் பேச்சு வந்தது.

"முதலாளி, ஒரு கேமரா வாங்கணும்."

"எதுக்கு? பேரப்புள்ளைகள எடுக்கவா?"

"பனிய எடுக்க."

"பனியில என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. முப்பத்தஞ்சு வருசம் ஆள் பேர் கூப்புடுற பெரட்டுக் களத்துல காலங்காத்தால நின்னு பனிக்குள்ள ஆளத் தேடுனேன். இனி பனியப் பாக்கணும். டாக்டரு மேடு ஏற எவ்வளவு நாள் விடுவாரோ தெரியல."

போனில் எடுக்கலாமே என்றேன். போன் தன் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடுகிறது, பனியையும் துடைத்துவிடுகிறது என்றீர்கள். தனியாகப் போனால் தலையில் கட்டிவிடுவார்கள் என்று நானும் கூட வந்தேன்.

கேமராக் கடையில் மூன்றைக் கையில் எடுத்தீர்கள். ஒன்றில் கண்ணை வைத்துப் பார்க்கத் துவாரம் இல்லை. ஒன்று மேடு ஏறும்போது கழுத்தை இழுக்கும். மூன்றாவதை மூக்குக்கண்ணாடியோடு கண்ணில் வைத்தீர்கள், பொத்தான்களைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தீர்கள், "இதுதான்" என்றீர்கள். இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. நானோ மூன்றையும் மாறி மாறித் தூக்கி எடை பார்த்தேன்.

"இந்தப் பக்கத்துல இருக்கிறதுல மெகாபிக்சல் கூட இருக்கே. அதே வெலதானே?"

"மூட்ட எண்ணிக்க கூடன்னா அரிசி நல்லாருக்குமா முதலாளி?"

கடைக்காரர் ஒரு இலட்சத்து முப்பத்தையாயிரம் என்றார். நான் ஒரு இலட்சத்துப் பத்து என்றேன். மாட்டேன் என்றார். உங்கள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

"நடங்க, கணக்கப்புள்ள. திரும்பிப் பாக்காதீங்க. ரெண்டு படி எறங்குறதுக்குள்ள கூப்புடுவாரு."

படி முடிந்தது. பாதையைக் கடந்தோம். எதிர்க்கடையில் வடை தின்றோம்.

"இன்னும் கூப்புடலியே."

"யோசிக்கிறாருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போனால் என் மானம் என்ன ஆவது? உங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

டொலர் இறங்கும், விலையும் குறையும், பொறுங்கள் என்றேன். டொலர் இறங்கவில்லை. நாம்தான் பதுளையிலும் பண்டாரவளையிலும் கடை கடையாகப் படி இறங்கினோம். அப்படி எட்டு மாசம். "நாம வெங்காயம் வாங்க வரலிங்க" என்று ஒரு தடவை மெதுவாகச் சொன்னீர்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒரு கிளினிக் நாளில், மடியில் ஒரு கறுப்புப் பையோடு வந்து உட்கார்ந்தீர்கள். அதே முதல் கடை, அதே கேமரா.

"எவ்வளவுக்கு?"

"கேக்காதீங்க முதலாளி. உங்களுக்குப் பிரஷர் இருக்கு."

கடைக்காரரிடமே போய்க் கேட்டேன். ஒரு இலட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். ஒரு கிழமை உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விலை ஏறியதுதான் உறுத்தியது. மற்றது அப்போது உறைக்கவில்லை.

நாலு மாசம் பனியைப் படம் எடுத்தீர்கள். ஒரு காலை மேட்டிலிருந்து திரும்பி வந்து படுத்தவர் எழும்பவில்லை. முதல் கடை ஏறிய நாளில் உங்கள் கையில் பன்னிரண்டு மாசம் இருந்திருக்கிறது. எட்டை நான் பேரம் பேசியே தின்றுவிட்டேன். சாவு வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கலியாண வீட்டுப் படம் எடுக்கிற ஒருவர் உங்கள் கேமராவை எழுபதாயிரத்துக்குக் கேட்டுப் போயிருக்கிறார் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். மேடையில் வரிசையாக நிற்கிறவர்களை எடுக்கவா அதை வாங்கினீர்கள்? எண்பது கொடுக்கலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் ரயில் ஏறினேன். உங்கள் மனைவி மேசையில் கேமராவை வைத்ததும், வாய் பழக்கத்தில் "அறுபது" என்றது.

அவர் பொத்தானை அமுக்கிப் படங்களைக் காட்டத் தொடங்கினார்.

"இது வியாழக்கெழமண்ணே. நான் கொட பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

வெறும் வெள்ளை.

"இது பால் வண்டி வர்றதுக்கு முந்தி. இது வந்து போனதுக்கு அப்புறம்."

வெள்ளை. பிறகும் வெள்ளை.

"தங்கச்சி, எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

"எனக்கும் மொதல்ல அப்படித்தான். பக்கத்துல நிக்க வச்சுக் காட்டுனாரு."

எழுபது என்றேன். அடுத்த படம் வந்தது. எழுபத்தைந்து என்றேன். யாரும் கூட்டிக் கேட்கவில்லை. நானே என்மேல் ஏலம் கூட்டிக்கொண்டிருந்தேன். நாற்பதாவது படத்தில் எனக்கும் ஏதோ பிடிபட்டது போல இருந்தது. இடது ஓரத்தில் மங்கலாக ஒரு மேடு.

"இது தேயில மலைதானே?"

"இல்லண்ணே. அது அவரு வெரலு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, வேறு எதையும் தேடாமல் அதை ஐந்து நிமிசம் பார்த்தேன். கொஞ்சம் அசைகிறது. அவ்வளவுதான் இதுவரை கற்றுக்கொண்டது.

பேசி முடித்தது இதுதான்: தொண்ணூறாயிரம், கை ரொக்கம். பை, சார்ஜர், பேட்டரி இரண்டும் சேர்த்து. நான் எடுப்பதை மாதம் ஒருமுறை கொண்டுபோய் அவரிடம் காட்ட வேண்டும். உள்ளே இருந்த, உங்கள் படங்கள் உள்ள கார்டு விலையில் சேராது; அது அவரிடமே இருக்கும்.