ஸம்றாவின் வலக்கண்

அன்பு மகன் இன்பாஸுக்கு, உம்மா சொல்ல உன் தங்கச்சி ஸம்றா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், அந்த வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். இதைப் போனில் சொல்ல முடியாது. தங்கச்சிக்குப் பேசிய மாப்பிள்ளை ஸப்ரியின் கூடப்பிறந்த காக்கா உன் அறையில்தான் படுக்கிறார், நீயோ எல்லாவற்றையும் சத்தமாகப் போட்டுக் கேட்கிறவன். அதனால்தான் கட்டாருக்கு வரும் பக்கத்து வீட்டுப் பரீனாவின் புருஷன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சியின் வலக்கண் பழுதாகிவிட்டது. கண்ணாடி போட்ட மருமகள் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் உம்மா சொன்னதால்தானே கொழும்பில் லேசர் செய்வித்தோம். முதலில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்றாள். நோன்புக்குப் பிறகு விளக்கு இரண்டு மூன்றாகத் தெரிகிறது என்றாள், கல்யாணத்துக்குப் பயந்து சாட்டுச் சொல்கிறாள் என்று ஏசினேன். அரிசியில் இவள் விட்ட கல்லை வாப்பா கடித்த பிறகுதான் மட்டக்களப்புக்குக் கூட்டிப்போனேன். அங்கே டொக்டர் கண்ணைப் படமெடுத்துக் காட்டினார், படத்தில் நடுவுக்குக் கீழே சிவப்பாக இருந்தது, கருவிழி மெலிந்து அந்த இடத்தில் முன்னுக்குத் தள்ளுகிறதாம். கண் கசக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். கொழும்பிலும் லேசருக்கு முந்தி இதைக் கேட்டார்கள், கசக்குகிற கண்ணுக்கு அது கூடாதாம். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளைக்குப் பதிலாக நான்தான் கதைக்க வேண்டும், இல்லை என்று சொன்னேன். சின்ன வயதிலிருந்து கசக்குகிறவள், கண் அவளுடையது, வாய் திறந்திருக்கலாம்தானே.

டொக்டர் சொன்னது இதுதான்: "இப்பவே மருந்து விட்டு லைட் அடிச்சா இதோட நிக்கும், போன பார்வை வராது. பிந்தினா கருவிழியே மாத்த வேண்டி வரும்." லைட் அடித்தால் கொஞ்ச நாளைக்குக் கண் சிவந்து மங்கலாக இருக்குமாம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிய நிக்காஹ், மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமைதோறும் வீடு பார்க்க வருகிறார்கள். கல்யாணம் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். வாப்பா உடனே செய்வோம் என்கிறார், ஊர் வாய்க்குப் பதில் சொல்வது அவரில்லையே. இவள் அழுகிறாள், அழுது அழுது இன்னும் கசக்குகிறாள். உன் உழைப்பில் கட்டிய வீட்டை இவள் பேருக்கு எழுதி, அதற்குள் வந்திருக்க மாப்பிள்ளை இல்லாமல் போனால் என்ன செய்வது. ஒரு கண் மங்கினாலும் சமைக்கலாம், பிள்ளை வளர்க்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு மகன், தொழுகையை விடாதே. ஸப்ரியின் காக்கா கேட்டால் தங்கச்சி நல்ல சுகம் என்று சொல். வாசித்ததும் இதைக் கிழித்துப் போடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. தன் காக்கா உனக்குத் தானும் இரண்டு வரி எழுதட்டுமா என்று இவள் கேட்கிறாள். தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் உம்மா,
பஸ்லியா
சாய்ந்தமருது