மயிலுக்கு விட்ட ஓரம்

செப்டம்பர் 20

தகர டப்பாவுக்குள் போல்ட்டை மாட்டி முடித்தேன். காற்றடித்தால் விசிறி சுற்றும், போல்ட் தட்டும், மயில் ஓடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் தானே யோசித்துச் செய்தது. எந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாலும் வாசலிலேயே வைக்கச் சொல்லிவிடுகிறார்கள். நாளை அருப்புக்கோட்டையில் புதுயோசனை மாநாடு. பார்ப்போம்.

செப்டம்பர் 21

இந்த முறை மேடை கொடுத்தார்கள். ஆனால் எனக்கு முன்னால் அழகுத்தாய்! அடுத்த புஞ்சைக்காரி. அவள் பெயர் கொடுத்ததே எனக்குத் தெரியாது.

"விரட்ட விரட்ட மயிலு பக்கத்துப் புஞ்சைக்குத்தான் போகுது. கருவேலங்காட்டு ஓரமா ஒரு துண்டுல கம்பை மேலாப்புல தூவி விட்டுருவோம். விடியக்காலம் இறங்குறது அங்கயே வயித்த நெப்பிக்கிட்டு, வெயிலு ஏறவும் திரும்பிரும்."

மண்டபம் அமைதியாகக் கேட்டது. எனக்கு ஒருநாளும் தோன்றாத கோணம். விரட்டுவதைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன்.

எழுந்தேன். "ஏத்தா, மயிலுக்குப் பந்தி வைக்கவா இம்புட்டுப் பேரு கூடியிருக்கோம்? தாம்பூலமும் குடுப்பியா?"

ஒரே சிரிப்பு. அவள் பாதியில் இறங்கிவிட்டாள். என் டப்பாவுக்குக் கைதட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 22

நல்ல யோசனை என்று தெரிந்ததால்தானே வாயைத் திறந்தாய்?

அக்டோபர் 12

மழைக்குப் பின் அவள் குதிரைவாலி முளைத்திருக்கிறது. ஓரத்தில் கம்பு தூவவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஊரே பந்தி பந்தின்னு சிரிக்குது, எதுக்கு மாமா?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அக்டோபர் 19

டப்பா கட்டிய என் புஞ்சையில் ஒரு மயில்கூட இல்லை. அத்தனையும் அவள் புஞ்சையில். முளையெல்லாம் போச்சு. மேடையில் அவள் சொன்னபடியே.

"அங்கிட்டு ஓடுங்க!" என்று மண்ணாங்கட்டியை எறிந்தாள். அங்கிட்டு என்றால் என் பக்கம். டப்பா தட்டியது, மயில்கள் திரும்ப அவளிடமே போயின.

போய்ச் சொல்லேன் — தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லேன். வாய் வரமாட்டேங்குது. இந்த வயசுல, அவகிட்டயா? அவகிட்டத்தான்.

அக்டோபர் 22

அவள் மறுபடி விதைக்கிறாள். போல்ட்டைக் கழற்றிவிட்டேன். என் பக்கத்துக் கருவேலங்காட்டு ஓரத்தில் கம்பு தூவினேன்.

நவம்பர் 10

மாநாடு நடத்திய லாரன்ஸ் போன் செய்தார். நரிக்குடிக் கூட்டத்துக்கு டப்பா வேண்டுமாம்.

"அது கிடக்கட்டும் சார். அழகுத்தாயைக் கூப்பிடுங்க. அன்னைக்குப் பாதியில இறங்கிட்டா."

"நீங்களே கூட்டிட்டு வாங்களேன்."

"நான் கூப்பிட்டா வரமாட்டா."

பிறகு புஞ்சைக்குப் போனேன். அவள் பயிர் சாண் உயரம் நிற்கிறது. என் ஓரத்தில் மயில் கொத்திக்கொண்டிருந்தது. அவள் வரப்பில் நின்றாள்.

"என்ன மாமா, டப்பா சத்தத்தையே காணோம்?"

"காத்து இல்லத்தா."

அவள் முந்தானை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரத்தைப் பார்த்தாள்.

"கம்பை இம்புட்டு நெருக்கமாத் தூவக்கூடாது," என்றாள்.