பழைய சோற்று ஜாடி

பேத்தியைப் பார்த்ததும் என்னை மறந்துபோன என் வூட்டுக்காரிக்கு,

தினமும் போனில் "சாப்பிட்டேன்" என்று சொன்னது பொய். மகள் பிரசவத்துக்கு நீ திருப்பூர் போன இந்த இரண்டு மாதமும் டீயும் பன்னும்தான். திங்கட்கிழமை ஜாடிக் கம்பெனியில் களிமண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காரணமே இல்லாமல் அழுதேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

மேஸ்திரி கலியமூர்த்திதான் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனான். நான் வயிற்று வலி என்றேன். அவர் தூக்கத்தையும் விசாரித்தார்.

"மனச்சோர்வுங்க. வயித்துல கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்குது. அதுக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டு. மாத்திரையோட பழைய சோறும் மோரும் சாப்பிடுங்க. வாரம் ஒருதடவ வந்து பேசுங்க."

"கோடி பேரும் என் வூட்டுக்காரி குழம்பு கேக்குறாங்க போல," என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அவங்களுக்கு நீங்க அழுதது தெரியுமா?" என்று கேட்டார்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. ஓடி வராதே. குழந்தைக்குத் தலை நின்றதும் வந்தால் போதும்.

அன்றே சோறு வடித்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஜாடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். இருபது வருடமாக ஜாடி செய்கிறவன், சூளையில் சுடாத பச்சை மண் ஜாடியைத் தூக்கி வந்திருக்கிறேன். காலையில் சோறு இருந்தது, ஜாடி இல்லை. அந்தச் சேற்றுச் சோற்றை அடுத்த வீட்டு பானுமதியின் கோழிகள் தின்றன. அவை சந்தோஷமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
உன் வூட்டுக்காரன்