மாப்பிள்ளை மேலே வரமாட்டார்

பாப்பா,

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், பழுது பார்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ அசந்து தூங்கினாய், எழுப்ப மனம் வரவில்லை. சோறும் முட்டைப் பொரியலும் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடு.

காலையில் மாப்பிள்ளை போன் செய்தார். நேற்றுத்தான் நீ பையோடு வந்து நின்றாய், என்ன சொல்லப் போகிறாரோ என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"மாமா, கார் சாவி அவ பையில இருக்கு. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்றார்.

"வேற ஒண்ணும் இல்லீங்களா மாப்பிள்ள?"

"வேற என்ன மாமா?"

நீ எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. சாவியை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையை மேலே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். யார் மணி அடித்தாலும் திறக்காதே.

கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய ஆபீஸ், குடியிருந்த வீடு, படித்த காலேஜ் என்று ஏறி இறங்கி விசாரித்தேன். எல்லோரும் "தங்கமான பையன்" என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அவர் தங்கம்தான். எனக்குக் கோபம்கூட வரவில்லை பாப்பா, மரத்துப்போன மாதிரி இருக்கிறது.

ஊரில் அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் போன் செய்தால் எடுக்காதே.

அப்பா

பி.கு.: "அத்தனை பேரைக் கேட்டீங்களேப்பா" என்று நேற்று நீ சொன்னாய். உன் கன்னத்தில் இருந்த தடத்தைப் பார்த்தும் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்று வந்ததும் கேட்கிறேன். சொல்லத் தோன்றினால் சொல்லு.