உயிரோடு இருப்பவருக்கு வாரிசு கிடையாது

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
2 டிசம்பர் 1945

பினாங்கிலிருக்கும் பெரிய மச்சான் ஜெய்னுதீன் அவர்களுக்கு, உங்கள் தம்பி சனாவுல்லாவின் மனைவி ஹபீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் பரீதாவும் மஜீதாவும் இருக்கிறோம். உங்கள் வீட்டு லாத்தாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். சலாமும் சுகமும் கடமை என்பதால் முதலில் எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதில் மரியாதை குறைந்தால், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

உங்கள் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் வந்து சேர்ந்தது. எனக்கு வரவில்லை. எங்கள் சாப்பாட்டுக் கடை இருந்த கீழ்க்கடையை வாடகைக்கு எடுத்து முடிவெட்டிக்கொண்டிருக்கும் ரெங்கசாமி அண்ணனுக்கு வந்தது. அதை என்னிடம் கொண்டுவந்து கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் சம்சாரம் நல்லம்மாள்தான் மாடியேறி வந்தார். நான் மரவள்ளிக்கிழங்கு சீவிக் காயவைத்துக்கொண்டிருந்தேன். "ஹபீபா, இது என்னான்னு நீயே பாரு. அவரு படிச்சிட்டு வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு" என்றார்.

தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. காலஞ்சென்ற சனாவுல்லாவின் சகோதரரும் வாரிசுமான ஜெய்னுதீனிடம் இந்த மாதம் முதல் வாடகையைக் கட்ட வேண்டும், தவறினால் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று. நான் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். என் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்த மஜீதா, "உம்மா, காலஞ்சென்றன்னா எங்க போறது?" என்று கேட்டாள். நல்லம்மாள் அவளைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார்.

மச்சான், ஒரு வீட்டில் மவுத்து விழுந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? வந்து வாசலில் நிற்பார்கள். யாசீன் ஓதுவார்கள். பெண்டாட்டியை நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல் இத்தா இருக்கச் சொல்வார்கள். நீங்கள் வாடகை கேட்டீர்கள். உங்கள் கூடப்பிறந்தவர் இறந்துவிட்டார் என்பதை அவர் பெண்டாட்டிக்குச் சொல்லாமல், முடிவெட்டுகிறவருக்குச் சொன்னீர்கள். அதுவும் வக்கீலை வைத்துச் சொன்னீர்கள்.

அவர் எப்படிப் போனார் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தவர்போல் நடப்பதால் மறுபடி எழுதுகிறேன். நாற்பத்து மூன்றாம் வருஷம் கருவாடு வாங்கக் கிள்ளான் பாசாருக்குப் போனார். ஜப்பான்காரர்கள் தெருவின் இரண்டு முனையிலும் லோரியை நிறுத்தி, உள்ளே இருந்த ஆண்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமில் ரயில்பாதை போட என்று பிறகுதான் தெரிந்தது. கருவாட்டுக்காரர் ஒருவர் அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இங்கே வந்து சேர்த்தார். அன்னியமான மனிதர். அவருக்கு இருந்த நினைப்பு உங்களுக்கு இல்லை. நான் தந்தி கொடுத்தேன். ஆளிடம் சொல்லி அனுப்பினேன். "பொறுமையாக இரு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று ஒரு வரி வந்தது. அதன்பிறகு உங்களிடமிருந்து வந்தது இந்த நோட்டீஸ்தான்.

பினாங்கில் குண்டு விழுந்து உங்கள் கடை எரிந்தபோது எங்கே வந்தீர்கள்? இந்த வீட்டுக்குத்தான். நீங்களும் லாத்தாவும் பிள்ளைகளும் முன்னறையில் படுத்தீர்கள், நாங்கள் அடுப்படியில் படுத்தோம். சாப்பாட்டுக் கடையில் அரிசி தீர்ந்துபோனபோதும் உங்கள் தட்டில் சோறு விழுந்தது, எங்கள் தட்டில் கிழங்கு விழுந்தது. நான் முகம் சுளித்ததற்கு அவர் என்னைத்தான் கடிந்துகொண்டார். அவர் வாப்பா ஸ்தானத்தில் இருப்பவராம் நீங்கள். இதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இன்றைக்குச் சொல்லிக்காட்டுகிறேன்.

அவரைக் கொண்டுபோன பிறகு ஜப்பான்காரர்கள் மாடியைக் கேட்டார்கள், சாமான் அடுக்க. வீட்டைவிட்டு இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று எனக்குத் தெரியும். வீட்டுப் பத்திரமான கிராண்டை மாவுத் தகரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு அடுப்படியிலேயே கிடந்தேன். பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் பரீதாவின் முகத்தில் கரி பூசிவிடுவேன். அப்போது இந்த வீட்டுக்கு வாரிசு என்று யாரும் வரவில்லை. இந்த வருஷம் ரயில்வே பக்கம் குண்டு போட்டபோது கூரை ஓடு பாதி நொறுங்கிப்போனது. ரெங்கசாமி அண்ணன்தான் அத்தாப்பு ஓலை கொண்டுவந்து வேய்ந்துகொடுத்தார். வாடகைக்கு இருப்பவர் கூரை வேய்ந்தார். கூடப்பிறந்தவர் சண்டை முடியும்வரை காத்திருந்து, கோர்ட்டு திறந்ததும் வந்தார்.

நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீல் ஆபீசுக்கே போனேன். வக்கீல் பார்க்கவில்லை. அங்கே காகிதம் எழுதும் ராதாகிருஷ்ணன் என்ற கிராணி உட்காரவைத்துப் பேசினார். "கோவப்படாதீங்கம்மா. உங்க மார்க்கச் சட்டப்படிதான் கேட்டிருக்காங்க. எட்டுல ஒரு பாகம் உங்களுக்கு. ரெண்டு பொண்ணுக்கும் சேத்து மூணுல ரெண்டு. மிச்சம்தான் அண்ணனுக்கு. ஆம்பளப் பிள்ளை இருந்திருந்தா அவருக்கு ஒண்ணுமே வராது" என்றார். மிச்சம் கொஞ்சம்தானே, அதற்கு எதற்குக் கடையைக் காலி பண்ணச் சொல்கிறார் என்று கேட்டேன். ஒரே கடைவீட்டை வெட்டிப் பங்கு போட முடியாது, விற்றுத்தான் பிரிக்க வேண்டும், வாங்குவதற்கு ஆளும் தயாராக இருக்கிறது என்றார்.

வாங்க ஆள் தயார். அப்படியானால் உங்கள் தம்பி மவுத்தானதற்குமுன் வீட்டுக்கு விலை பேசியாகிவிட்டது.

நான் மார்க்கத்தை மறுக்கவில்லை மச்சான். அல்லாஹ் வகுத்த பங்கில் ஒரு நூல் கூடக் கேட்க மாட்டேன். கிராணியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். உயிரோடு இருக்கிறவர் சொத்துக்கு யார் வாரிசு? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருமில்லம்மா. உயிரோட இருக்கிறவருக்கு வாரிசு கிடையாது" என்றார். அது போதும் என்று எழுந்து வந்தேன். ரெங்கசாமி அண்ணனிடம், கிராண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வீட்டாரிடம் வாடகை கொடுங்கள், வேறு யார் கேட்டாலும் என்னிடம் அனுப்புங்கள் என்று சொன்னேன். "யார்ட்ட குடுக்கணும்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. நோட்டீஸ் கத்தி தொடைக்க ஆகும்லா" என்றார்.

உங்கள் தம்பி மவுத்தாகிவிட்டார் என்று காஜியாரிடம் நீங்கள் போட்டிருந்த மனு சென்ற வெள்ளிக்கு முந்தின நாள் விசாரணைக்கு வந்தது. நீங்கள் வரவில்லை. பினாங்கிலிருந்து ரயில் ஓடுகிறது. சயாமிலிருந்துகூட ஓடுகிறது. உயிர் தப்பியவர்களை ஏற்றிக்கொண்டு அது வரும் நாளெல்லாம் அவர் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனில் நான் நிற்கிறேன். உங்களுக்குத்தான் ரயில் கிடைக்கவில்லை. அந்தக் கிராணியையும் ஒரு சாட்சியையும் அனுப்பியிருந்தீர்கள்.

சாட்சியின் பெயர் காதர். மேரு பக்கத்துத் தோட்டங்களில் துணி மூட்டை சுமந்து விற்றவர், சயாமுக்குப் போய், அங்கே உங்கள் தம்பியோடு இருந்து திரும்பியவர் என்றார்கள். காசுக்கு வந்த பொய்சாட்சி, முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். கால் இரண்டிலும் புண். துணி சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்து வந்தார். சட்டைக்குள்ளே ஆள் இல்லை. இருந்தாலும் விடவில்லை நான். காஜியார் மலாய்க்காரர், வயதானவர், நான் சாட்சியைக் கேள்வி கேட்க அனுமதித்தார்.

உங்கள் தம்பி எவ்வளவு உயரம் என்று காதரைக் கேட்டேன். "அங்க யாரும் நிமிந்து நின்னு பாக்கலம்மா" என்றார். தாடி வைத்திருந்தாரா என்று கேட்டேன். எல்லாருக்கும் தாடி இருந்தது என்றார். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், சனாவுல்லா என்று பெயர், அவ்வளவுதான் தெரியும் என்றார். மய்யித்தைக் குளிப்பாட்டி அடக்கியது நீயா என்று காஜியார் கேட்டார். இல்லை, வாந்திபேதி வந்தவர்களைத் தனிக் கொட்டகையில் போட்டார்கள், நானே காய்ச்சலில் கிடந்தேன், அவர் போய்விட்டார் என்று மற்றவர்கள் சொன்னதைக் கேட்டேன் என்றார்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது துவான், கேட்டதைச் சொல்கிறார் என்று மலாயில் சத்தமாகவே சொன்னேன். காஜியார் தீர்ப்பைச் சொன்னார். கண்ணால் பார்க்காத ஒருவரின் பேச்சை வைத்து ஒரு மனிதரை இறந்தவராக்க முடியாது. அவர் இருக்கிறார் என்றே கணக்கு. வீடு அவர் பெயரிலேயே நிற்கும், மனைவி மக்கள் அதிலேயே இருப்பார்கள், வாடகை அவர்கள் செலவுக்கு. வருஷங்கள் போயும் தகவல் வராவிட்டால் அப்போது வந்து கேட்கட்டும் என்றார். கிராணி காகிதங்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே மச்சான், உங்களுக்கு வீடு இல்லை. ஒரு ஓடுகூட இல்லை. வாங்க வந்த ஆளிடம் சொல்லிவிடுங்கள்.

இத்தோடு கடிதத்தை முடித்திருந்தால் நான் ஜெயித்தவளாக இருப்பேன்.

வெளியே மரத்தடியில் காதர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். விலகிப் போனேன். கூப்பிட்டார். "தங்கச்சி, வீட்டு விசயமெல்லாம் எனக்குத் தெரியாது. பினாங்கு முதலாளி வந்தாரு, சோறு வாங்கிக் குடுத்தாரு, காஜியார்ட்ட வந்து சொல்லுன்னாரு, வந்தேன். ஒண்ணு மட்டும் உள்ள யாரும் கேக்கல. நானும் சொல்லல" என்றார். என்ன என்று கேட்டேன். நடந்துகொண்டேதான் கேட்டேன்.

சாயங்காலம் கஞ்சி ஊற்றும்போது உங்கள் தம்பி தகரக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, "முதலாளியம்மா சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாராம். யாரையும் பார்த்து இல்லை, சும்மா முன்னால் பார்த்து. கேட்டுவிட்டுத்தான் வாய் வைப்பாராம். பெண்டாட்டி நினைப்பு என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம். "ஒருநா அந்தச் சத்தம் கேக்கல. அப்பத்தான் கொட்டகைக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு தெரிஞ்சுச்சு" என்றார் காதர்.

அவர் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கடை மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை எல்லாம் "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்வாளே மஜீதா, அவளுக்கு அவர் வைத்த பெயர் அது. கடையை மூடினதும் அவளிடம் கேட்காமல் அவர் சாப்பிட உட்கார மாட்டார்.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. ரெங்கசாமி அண்ணன் கத்தியும் கையுமாக வெளியே ஓடிவந்து, "ஜெயிச்சிட்டீங்கன்னு சொன்னாங்களே!" என்றார். ஆமாம் என்றேன். நல்லம்மாள் இனிப்பு செய்து கொண்டுவந்தார். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுக்கூட ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன்.

உள்ளே அந்த வார்த்தையைக் காதர் சொல்லியிருந்தால், நான் அதை மறுத்திருக்க மாட்டேன். வழக்கு உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். இப்போது அதை என் கையாலேயே உங்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். வேண்டுமானால் இந்தக் காகிதத்தை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். ஆனால் அதற்குமுன் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத அந்தப் பெயரை, எங்களோடு இருந்த நாட்களில் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். லாத்தாகூட அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆகையால் உங்களுக்குத் தெரியும். காதருக்கு நீங்கள்தான் அதைச் சொல்லிக்கொடுத்தீர்கள். வீட்டுக்காகச் சொல்லிக்கொடுத்தீர்கள். காதர் அதைக் காஜியார் முன்னால் சொல்ல மறந்து, வெளியே வந்து என்னிடம் சொல்லிவிட்டார். அப்படித்தானே நடந்திருக்க வேண்டும்? இவ்வளவு செய்தவர் இதையும் செய்யாமலா இருந்திருப்பீர்கள்?

அதை ஒரு வரி எழுதுங்கள். சோறு வாங்கிக் கொடுத்தபோது நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதுங்கள். நான் யாரிடமும் காட்ட மாட்டேன். உங்களைத் திட்ட மாட்டேன். இந்தக் கடிதத்தில் திட்டியதற்கெல்லாம் மாப்பு கேட்கிறேன். வீட்டைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, அது அவருடையது. அவர் வந்ததும் நானே சொல்லி உங்கள் பெயருக்கு எழுதித் தரவைக்கிறேன். முழுவதையும். நாங்கள் எங்கேயாவது ஒரு அறை வாடகைக்குப் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அவர்களுடைய வாப்பாவை அவர்களுக்கு விட்டுவைக்கட்டும். மச்சான், நீங்கள் பொய் சொன்னதாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
சனாவுல்லாவின் மனைவி
ஹபீபா