இடது பின்மூலை

மார்ச் 3, திங்கள்
அலுமினியத் தாள் சோதனை முடிந்தது. சல்லடையாக வந்தது. கருவி கழுவும் தொட்டி நன்றாக இருக்கிறது.

மார்ச் 5
இங்கே செய்த தம்பியின் முட்டி ஆபரேஷன் காயத்தில் சீழ். இரண்டு வாரத்தில் மூன்றாவது ஆளாம். சூப்பர்வைசர் பெண் நேரே கருவி கழுவும் அறைக்கு வந்தாள். "தொட்டி சரியா வேலை செய்யுதாம்மா?"

என்னிடமா கேட்கிறாள்! அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோல் கழுவுகிறேன். யாரும் சொல்லித்தரவில்லை. தொட்டி மெஷினோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். காதுக்கு எட்டாத ஒலி தண்ணீரை அதிரவைக்கும். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றித் தோன்றி உடையும். உடைகிற வேகத்தில், பிரஷ் நுழையாத இடுக்கிலிருக்கும் ரத்தத்தைக்கூடப் பெயர்த்துவிடும். அலுமினியத் தாளைத் தொங்கவிட்டால் அதையும் பொத்தலாக்கும். திங்கள்தோறும் தொங்கவிடுகிறேன். அப்புறம் என்ன?

மார்ச் 6
"தாளை நடுவுல மட்டும் போட்டா போதாதும்மா. நாலு மூலைலயும் போட்டுப் பாருங்க."
"முதல்ல ஆபரேஷன் பண்றவங்களைக் கையைக் கழுவச் சொல்லு."
போய்விட்டாள்.

மார்ச் 9
தம்பிக்கு ஜுரம் இறங்கவில்லை. நாளை மறுநாள் மறுபடி திறக்கிறார்கள். "என்னக்கா, உள்ள எதையாவது மறந்து வெச்சுட்டீங்களா?" என்று சிரித்தான்.

மார்ச் 10, திங்கள்
எல்லோரும் சாப்பிடப் போனதும் ஐந்து தாள் தொங்கவிட்டேன். அவள் சொன்னதற்காக அல்ல.

நடுவில் பொத்தல். மூன்று மூலையில் பொத்தல். இடது பின்மூலைத் தாள் — கடையில் வாங்கியது போல வழவழவென்று.

அந்த மூலையில் அதிர்வே இல்லை. எத்தனை நாளாக? நடுவில் போடு என்று புத்தகம் சொல்லவில்லையே. கை எட்ட வசதி என்று நான்தான்... எலும்பு துளைக்கும் சாமான்களை அந்த மூலையில்தான் வைப்பேன். கனமானவை, ஓரமாக இருக்கட்டும் என்று.

பிறகு நீராவியில் அவிக்கிறோம்தான். ஆனால் அழுக்கு ஒட்டியிருந்தால் நீராவி அடிவரை போகாது. புத்தகத்தில் அந்த வரிக்கு அடிக்கோடு இருக்கிறது. நான் போட்டது.

நாளைக்குத் தம்பிக்கான கருவிப் பெட்டியும் கட்டியாகிவிட்டது.

எல்லாப் பெட்டியையும் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளோடு சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். படித்தாள்.
"எத்தனை நாளாம்மா?"
"தெரியாது."
அந்த அறையில் இந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்
இன்று தாள் போட வேறு ஆள்.

தம்பியின் காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் சொல்லிக் கேட்க வேண்டாமென்று நானே அவனிடம் சொன்னேன், மூலையையும் சேர்த்து. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போக்கா" என்றான்.

போகவில்லை.